எட்டுத் திக்கல்

பிப்ரவரி 6

இரண்டாம் நம்பர் இயந்திரத்தின் கதவு ரப்பர் மறுபடி பிய்ந்துவிட்டது. தரையெல்லாம் சோப்பு நுரை. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்த பச்சைத் துணி முழுவதையும் இன்னொரு சுற்றுப் போட வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒரு நாளை எடையில்தான் சொல்வோம். இன்றைக்கு அறுநூற்று நாற்பது கிலோ.

வீட்டுக்கு வந்தால் நாத்தனார் வாலு வாசலிலேயே நிற்கிறாள். பாட்டு வெளியிடுகிற கம்பெனிக்காரர் போன் செய்தாராம். நாங்கள் அனுப்பிய ஐந்து பாட்டையும் கேட்டுவிட்டாராம். இன்னும் மூன்று சேர்த்து எட்டாக்கிக் கொடுத்தால் ஜூனில் ஆல்பமாக வெளியிடுவாராம். அவர் நடத்துகிற பெரிய மேடையில் முதல் அரைமணி நேரம் எங்களுக்காம்.

"அண்டர்கிரவுண்ட் ஜோடின்னு போஸ்டர் போடுவாராம் அண்ணி!"

போடட்டும். நான் வேலை பார்க்கிற இடமே தரைக்குக் கீழே இரண்டாவது தளம்.

முப்பத்தாறு வயதில், திக்குவாயை வைத்துக்கொண்டு, புருஷனின் தங்கையோடு சேர்ந்து ராப் பாடுகிறேன். எழுதிப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் பீட்டின் மேல் ஏறிவிட்டால் எனக்கு ஒரு சொல்கூடத் திக்காது. இறங்கினால் 'தண்ணி' என்று கேட்க அரை நிமிடம். ஏன் அப்படி என்று எந்த டாக்டரும் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதில்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் 'நாத்தனார் சண்டை' என்று பெயர் வைத்தது என் வீட்டுக்காரர்தான். "வேற என்ன பேர் வெச்சாலும் ஜனங்க நம்ப மாட்டாங்க" என்றார்.

பிப்ரவரி 11, ஞாயிறு

எழுத மனசில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

வாலு வேலை பார்க்கிற காது கிளினிக்கில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பதிவு செய்வோம். காது சோதிப்பதற்கென்று அங்கே ஒரு சின்னக் கண்ணாடி அறை உண்டு. கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் எதுவும் உள்ளே வராது. டாக்டரிடம் கேட்டுத்தான் சாவி வாங்கியிருக்கிறாள்.

இன்றைக்கு ஆறாவது பாட்டு. நான் உள்ளே போவதற்குள், "அண்ணி, முதல்ல இத ஒரு தடவ கேளுங்க" என்று ஹெட்போனைக் கொடுத்தாள்.

என் குரல். பாடுகிற குரல் இல்லை. போன வாரம் இரண்டு பாட்டுக்கு நடுவில், உள்ளே காற்றில்லை, மூச்சு முட்டுகிறது, கதவைத் திற என்று சொல்ல முயன்றிருக்கிறேன். மைக் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. "க-க-க-க—" அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் மறுபடி "க-க-". இதற்கு அடியில் டிரம் போட்டு வைத்திருக்கிறாள்!

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வீசினேன். என்னவெல்லாமோ கேட்க வந்தது. பள்ளிக்கூடத்தில் பையன்கள் செய்ததை நீயும் செய்கிறாயா? வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு செய்கிறாயா? ஒன்றும் வெளியே வரவில்லை. வந்தது ஒன்றே ஒன்று: "நீ யா-யாருடி என் வா-வாயத் திருட?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "திருடல அண்ணி, முழுசாக் கேளுங்க, ஒரு நிமிஷம்—"

நடந்தே வீட்டுக்கு வந்தேன். ஏழு பஸ் நிறுத்தம்.

பிப்ரவரி 12

பேசவில்லை. அவளிடம் மட்டுமல்ல, யாரிடமும்.

பிப்ரவரி 15

அவர் லிஃப்ட் மெக்கானிக். எது எங்கே சிக்கி நின்றாலும் அடித்துத் தள்ளாமல் முதலில் காது கொடுத்துக் கேட்பது அவர் வழக்கம். காலையில் என் செல்போனில் அந்தப் பதிவை ஏற்றிவிட்டு, "தங்கச்சிக்காக வக்காலத்து வாங்கல. ஒரே ஒரு தடவ முழுசாக் கேளு. பிடிக்கலன்னா நானே அழிக்கச் சொல்றேன்" என்றார்.

டீ இடைவேளையில் உலர்த்தி இயந்திரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து கேட்டேன்.

அன்றைக்குப் பத்து வினாடியில் கழற்றி எறிந்துவிட்டேன் அல்லவா? அதற்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது. நான் திக்கும்போது டிரம் என்னைக் கேலி செய்யவில்லை. நிற்கிறது. நான் அடைத்துப் போய் நிற்கிற இடத்தில் அதுவும் அடைத்துப் போய் நிற்கிறது. நான் அடுத்த "க"வைத் தள்ளும்போது கூடவே தோள் கொடுத்துத் தள்ளுகிறது. கடைசியில் "கதவத் திற" என்று முழுசாக வெளியே விழுகிற இடத்தில் அவ்வளவு வாத்தியமும் ஒன்றாகத் திறக்கிறது. உலர்த்தியின் சூட்டிலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

எனக்காக யாரும் நின்றதில்லை என்று சொல்ல மாட்டேன். அவர் நிற்பார். ஆனால் நிற்கும்போது முகத்தில் 'பாவம்' என்று எழுதியிருக்கும், அவருக்கே தெரியாமல். டிரம்முக்கு முகம் இல்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

சமாதானம். அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். என் வாக்கியத்தை நான் முடிக்கும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை.

"அ-அஞ்சு பாட்டையும் தூ-தூக்கிப் போடலாம்."

"கம்பெனிக்காரருக்குப் பிடிச்ச அஞ்சையுமா?"

"அதுல நா-நான் இல்ல."

பீட்டில் ஏறிச் சவாரி போகிற ஒருத்தி அந்த ஐந்தில் இருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அவளை எந்தத் தெருவிலும் யாரும் பார்த்ததில்லை. இனி பீட் எனக்குப் பின்னால் வரட்டும். நான் முதலில் வெறுமனே பேசுவது, அதன்மேல் இவள் வாத்தியம் கட்டுவது. எட்டும் புதிது.

வாலு வெகுநேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒரு கண்டிஷன் அண்ணி. திக்கற மாதிரி நடிக்கக் கூடாது. வந்தா வரணும். வரலன்னா விட்டுடணும்."

சரி என்றேன். அதற்குத் திக்கவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

அநியாயம்! வாழ்நாள் முழுக்கத் திக்கியவளுக்கு, மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தவுடன் பேச்சு அருவி மாதிரி கொட்டுகிறது. இரண்டு மணி நேரம் ஒரு திக்கல்கூட இல்லை. வாலு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விழுந்து விழுந்து சிரித்தோம்.

கிளம்பும் நேரத்தில்தான் வந்தது. இந்த நாலு வரி மட்டும் தேறியது:

வாய்க்குள்ள ஒரு கேட்டு, கேட்டுக்கு ஒரு வாட்ச்மேன்,
வர்ற சொல்லையெல்லாம் நிறுத்தி வெச்சுக் கேக்குறான்:
எங்க போற? யாரப் பாக்க? க-க-கையெழுத்துப் போட்டியா?
போட்டாச்சு சார், போட்டாச்சு — வ-வழிய விடுய்யா!

மார்ச் 9

இன்று வார்டுக்குத் துணிக் கணக்கு சொல்லப் போன் செய்தேன். யார் பேசறது என்று நர்ஸ் கேட்டாள். என் பெயர் 'க'வில் ஆரம்பிக்கிறது. அதனால் போனில் எப்போதும் நாத்தனாரின் பெயரைச் சொல்லிவிடுவேன். அது வழுக்கிக்கொண்டு வரும். இன்றைக்கும் அதையே சொன்னேன். வைத்த பிறகு வெட்கமாக இருந்தது. மூன்றாவது பாட்டு இதுதான். அதில் என் பெயர் வரும். எவ்வளவு நேரமானாலும் வரும்.

மார்ச் 17, ஞாயிறு

அத்தையைக் கிளினிக்குக் கூட்டிப் போனோம். என் மாமியாருக்கு மனசில் கள்ளம் கிடையாது. ஆனால் நான் ஒரு சொல்லில் மாட்டினால் போதும், அதை எடுத்துக் கொடுக்காமல் அவருக்கு இருப்புக்கொள்ளாது. பதினாலு வருஷமாக என் பாதி வாக்கியங்களை அவர்தான் முடித்து வைக்கிறார், பெரும்பாலும் தப்பாக.

வாலு அவரைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்து, ஒரு மைக்கைக் கொடுத்து, "அம்மா, அண்ணி பேசுவாங்க. நீ வீட்ல எப்படி இருப்பியோ அப்படியே இரு" என்றாள். நான் அன்றைய வேலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

"சா-சாயங்காலம் ஆனா எனக்கு ஒரே க-க-க—"

"கண்ணு எரிச்சலா?"

"இ-இல்ல. க-க—"

"கால் வலியா? கழுத்து வலியா? கரண்டு போயிடுதா?"

"க-க-க-க—"

"கல்யாண ஞாபகமா?"

"க-களைப்பு அத்தை!"

"அட, களைப்பா! அத முதல்லயே சொல்லக் கூடாதா!"

வாலு மேசைக்கு அடியில் போய்ச் சிரித்தாள். அதுதான் நாலாவது பாட்டு. பெயர், 'அத முதல்லயே சொல்லக் கூடாதா'. நாலு நிமிஷம் ஐம்பது வினாடி.

வாத்தியம் சேர்த்துப் போட்டுக் காட்டியபோது அத்தை முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "நான் இவ்வளவா குறுக்க பேசறேன்?" இரண்டாவது தடவை கேட்ட பிறகு, "என் குரல் ஒண்ணும் மோசமில்ல" என்றார்.

மார்ச் 31

இயந்திரச் சத்தத்தையெல்லாம் பதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிழிகிற சத்தம், ரோலரில் போர்வை நுழைகிற சத்தம், ஈரத்துணி தரையில் விழுகிற 'தொப்'. டிரம் கடையில் கிடைக்காத டிரம் என்கிறாள் வாலு.

ஏப்ரல் 7, ஞாயிறு

எட்டும் முடிந்தது. முப்பத்தெட்டு நிமிடம்.

ஆல்பத்துக்குப் பெயர் வேண்டும். எட்டுத் திக்கும் பரவும்படி ஏதாவது வைக்கலாம் என்று அவர் ஆரம்பித்தார். அந்த இடத்திலேயே எனக்குப் பிடித்துவிட்டது. எட்டுத் திக்கல். அத்தைக்குச் சொல்லிக் காட்டினோம். "திக்கலா, சிக்கலா?" என்று கேட்டார். இரண்டும்தான்.

வாலு கம்பெனிக்காரருக்கு அனுப்பிவிட்டாள். அனுப்பியதிலிருந்து போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

ஏப்ரல் 12

கம்பெனிக்காரரின் அலுவலகம். சுவரெல்லாம் போஸ்டர். நல்ல மனிதர்தான். டீ வரவழைத்தார். பிறகு, "என்னம்மா இது? நல்லாப் போய்ட்டிருந்த வண்டிய நிறுத்தி எஞ்சினக் கழட்டிப் போட்ட மாதிரி இருக்கு" என்றார்.

வாலு விளக்கினாள். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"ஐடியா எனக்குப் புரியுது. ஆனா ஒரு பாட்டுக்குத்தான் தாங்கும். எட்டுக்கும்னா எவன் உக்காந்து கேப்பான்? ஒண்ணு பண்ணலாம். திக்கற இடத்தையெல்லாம் என் ஆள் பிசிறில்லாம வெட்டிக் கொடுப்பான். பாட்டு வழவழன்னு இருக்கட்டும். பேட்டியில மட்டும் அண்ணி இதே மாதிரி பேசட்டும். அப்பதான் கதை நிக்கும். திக்குவாய்ப் பொண்ணு, இசை தொட்டுச்சு, சரியாயிடுச்சு. ஜனங்க அழுவாங்க."

எனக்கு எதுவும் சரியாகவில்லையே! அதைச் சொல்ல வாயெடுத்தேன். 'ச'விலேயே நின்றுவிட்டது. "ச-ச—" "சரின்னு சொல்றாங்க" என்று வாலுவிடம் சிரித்தார்.

வாலு என்னைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். அவள் பேசாமல் இருந்தது எனக்குச் சுருக்கென்றது.

ஏப்ரல் 19

வெட்டின பாட்டுகள் வந்துவிட்டன.

யாருக்கும் காட்டாத நோட்டு இது. அதனால் உண்மையை எழுதுகிறேன். குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு பதினோரு தடவை கேட்டேன். மூன்றாவது பாட்டில் ஒருத்தி என் பெயரைச் சொல்கிறாள். சட்டென்று, தடங்கலே இல்லாமல், மற்றவர்கள் எல்லாம் அவரவர் பெயரைச் சொல்கிற மாதிரி. என் குரலில். பீட்டின் மேல் ஏறாமலே.

சின்ன வயதில் வகுப்பில் ஆஜர் எடுக்கும்போது சொல் வராமல் உட்கார்ந்திருந்து, இருந்தும் இல்லாதவளாகக் கோடு வாங்கியவள் நான். இந்தக் குரல் அன்றைக்கு இருந்திருந்தால்?

வேண்டும் என்று இருக்கிறது. ஏன் வேண்டக் கூடாது? எல்லாருக்கும் இருப்பதுதானே.

ஏப்ரல் 20

வாலுவுக்கும் வேண்டும். நேராகவே கேட்டேன், நேராகவே சொன்னாள்.

"எனக்கு அந்த ஜூன் மேடை வேணும் அண்ணி. பொய் சொல்ல மாட்டேன். எட்டு வருஷமா நாள் பூரா அடுத்தவங்க காதுல பீப் சத்தம் போட்டு, கேக்குதா கேக்குதான்னு கேட்டுட்டிருக்கேன். ஒரு நாளாவது என் சத்தத்த ஆயிரம் பேர் கேக்கணும்." பிறகு, "ஆனா வாய் உங்களோடது. நீங்க சொல்றதுதான்."

அதுவும் ஒரு பாரம். என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் அத்தை தன்னுடைய பாட்டைப் போடச் சொன்னார். வாலு வெட்டினதைப் போட்டாள். போட்டவுடன் முடிந்துவிட்டது.

"எங்க என்னக் காணோம்?" என்றார் அத்தை.

நான் திக்காதபோது அவர் எடுத்துக் கொடுக்க எதுவுமில்லையே. அவரையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். வாலு கணினியில் நேரத்தைப் பார்த்தாள். நாலு நிமிஷம் ஐம்பது வினாடியாக இருந்தது இப்போது ஒரு நிமிஷம் பத்து. மற்ற பாட்டுகளையும் பார்த்தோம். முப்பத்தெட்டு நிமிட ஆல்பம் பதினாலு நிமிடமாகியிருக்கிறது.

இருபத்துநாலு நிமிடம். பிசிறு என்று அவர்கள் கூட்டித் தள்ளியதில்தான் நான் இருந்தேன். தொண்டையை இறுக்கிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, ஒவ்வொரு சொல்லாக முட்டித் தள்ளிக்கொண்டு. மிச்சப் பதினாலு நிமிடம் யாருக்கு வேண்டுமானாலும் சொந்தமாக இருக்கலாம்.

வாலு ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள். "அண்ணி, மூச்சையும் வெட்டிட்டான். எட்டுப் பாட்டுல ஒரு இடத்துல கூட நீங்க மூச்சே விடல." ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தாள். "எனக்கு இது வேணாம். மேடையும் வேணாம்."

அதைச் சொல்லிவிட்டு அழுதாள். வேண்டாம் என்று வாயால் சொல்வது சுலபம், அவளுக்கு எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். நானும் அழுதேன், என் பெயரைச் சட்டென்று சொன்ன அந்த ஒருத்திக்காக. அவளை இனி நான் கேட்கப் போவதில்லை.

பிறகு வாலு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குது" என்றாள்.

ஏப்ரல் 22

மறுபடி கம்பெனிக்காரரின் அலுவலகம். தானே பேசுவதாக வாலு சொன்னாள். வேண்டாம், நான்தான் பேசுவேன் என்று முன்னால் போய் உட்கார்ந்தேன்.

கம்பெனிக்காரர் இறங்கி வந்தார். "சரிம்மா, நடுவுல ஒரு வழி சொல்றேன். பழைய அஞ்சு, சுத்தம் பண்ணதுல மூணு. எட்டாச்சு. மேடையும் உண்டு. என்ன சொல்றீங்க?"

'வேணாம்' என்று சொல்லியிருக்கலாம். அது எனக்கு எண்ணெய் போட்ட மாதிரி வரும். கஷ்டமான சொல்லைக் கண்டால் பக்கத்துச் சந்தில் திரும்பி வேறு சொல்லில் போவதுதானே என் பிழைப்பு. இன்றைக்குச் சந்தில் திரும்ப மனசு வரவில்லை. எந்தச் சொல் தோன்றியதோ அதையேதான் சொல்வேன் என்று உட்கார்ந்தேன்.

"கி-கி—"

கடிகாரத்தைப் பார்த்தார்.

"கி-கி-கி—"

"கிளம்பறேன்னு சொல்றீங்களாம்மா?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று. போன் அடித்தது. எடுக்கப் போனார். வாலு தன் கையை அந்தப் போன்மேல் வைத்துவிட்டாள். அவர் ஆடிப்போய்விட்டார். நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் தாழ்த்தாமல் திக்கியது என் ஆயுளில் இதுதான் முதல் தடவை.

"கி-கிடையாது."

வெளியே வந்து படியில் இறங்கினோம். வாலு, "போன் மேல கை வெச்சது கொஞ்சம் ஓவரோ?" என்றாள். ஓவர்தான். இன்னொரு தடவையும் வை.

மே 26, ஞாயிறு

நாங்களே இணையத்தில் ஏற்றிவிட்டோம். முப்பத்தெட்டு நிமிடமும். அட்டைப்படம் என் வீட்டுக்காரர் எடுத்தது: இரண்டு தளத்துக்கு நடுவில் நின்றுபோன ஒரு லிஃப்ட், பாதி திறந்த கதவு.

மே 30

முதல் கருத்து வந்தது. "ஃபைல் சரியில்லை. பாட்டு மாட்டி மாட்டி நிற்கிறது. சரிபார்த்து மறுபடி ஏற்றவும்."

வாலு பதில் போட்டாள்: "சரிபார்த்துவிட்டோம். சரியாகத்தான் மாட்டுகிறது."

ஜூன் 8

இருநூற்றுப் பத்து பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தர் நல்ல திட்டு. ஒருத்தர், நான்காவது பாட்டில் வருகிற அம்மா யார், அவர் தனியாகப் பாடுவாரா என்று கேட்டிருக்கிறார். அத்தை அந்த வரியை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

கம்பெனிக்காரரின் மேடை இன்றைக்குத்தான். எங்களுக்கு வைத்திருந்த அரைமணியில் வேறு யாரோ. வாலு பகல் முழுக்க அலமாரியைக் காலி செய்து அடுக்கினாள். மறுபடி காலி செய்து அடுக்கினாள். நான் கூடவே மடித்துக் கொடுத்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

பழைய அச்சகம் ஒன்றின் மேல்மாடியில் சின்னக் கச்சேரி. மாலை நாலு மணி. பிளாஸ்டிக் நாற்காலி அறுபது, ஆள் அதற்குக் குறைவு. ஐந்து குழுக்கள். நாங்கள் மூன்றாவது. சலவைக்கூடத்திலிருந்து மடிப்பு அக்கா வேறு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபது வருடமாகப் போர்வை மடிக்கிறவள். இஸ்திரிப் பெட்டி மாதிரி முகம்.

வாட்ச்மேன் பாட்டு. 'கையெழுத்து' வரும் இடத்தில் மாட்டினேன். பதிவில் மாட்டியதைப் போல இல்லை. இறுகிப் பூட்டிக்கொண்டது. வாலு கையைத் தூக்கிவிட்டாள். வாத்தியம் நின்றது. மாடி முழுக்க நிசப்தம். பின்னால் ஒருவன் சிரித்தான். அப்புறம் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். தைரியம் கொடுக்கிற கைதட்டல். "பரவால்லக்கா, பரவால்ல!" என்று ஒரு குரல். கைதட்டல் பரவியது.

சிரிப்பைக்கூடத் தாங்கலாம். இந்தக் கைதட்டலை— எனக்குக் கோபம் உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. என்ன பரவால்ல? யாருக்குப் பரவால்ல? நான் என்ன கீழ விழுந்தா கெடக்கேன்?

கையைத் தூக்கினேன். நிறுத்து என்று.

"நா-நான் இன்னும் மு-மு-முடிக்கல."

நின்றது. எல்லாக் கையும். ஐம்பது பேர் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள், நான் அவசரப்படவில்லை. "க-க-கையெழுத்துப் போட்டியா!" வாலு இரண்டு கையாலும் அடித்த அடியில் ஸ்பீக்கர் ஒன்று ஸ்டாண்டோடு ஆடியது.

பதிவைப் பார்த்து வாலு சொன்னாள், அந்த ஒரு சொல்லுக்கு நாற்பத்தொரு வினாடியாம்.

பாடி முடித்து வந்ததும் மடிப்பு அக்காவிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "பாட்டு எனக்கு ஒரு எழவும் புரியல" என்றாள். படி இறங்கிக்கொண்டே, "ஆனா அத்தன பேரையும் வாயடச்சு உக்கார வெச்ச பாரு. அத நான் பாத்தேன்."

ஜூலை 15

வார்டிலிருந்து வந்த மூட்டையைப் பிரிக்கும்போது மடிப்பு அக்காவின் உள்ளங்கையில் ஊசி ஏறிவிட்டது. போர்வைக்குள் உபயோகித்த ஊசி. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இந்த வருடத்தில் இது நாலாவது. எங்களுக்குக் கொடுத்திருப்பது பாத்திரம் தேய்க்கிற கையுறை.

அக்கா கையைக் குழாயடியில் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 29

பரிசோதனையில் ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு தடவை எடுக்க வேண்டுமாம். சலவைக்கூடத்துப் பதினேழு பேரும் சேர்ந்து மேலாளரைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. யார் பேசுவது?

"இவ பேசட்டும்" என்றாள் மடிப்பு அக்கா, என்னைக் காட்டி.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன்.

"போன தடவ நான் போனேன். ரெண்டு வார்த்த பேசறதுக்குள்ள 'புரியுதும்மா, பாக்கலாம்மா'ன்னு எழுந்துட்டார். இவகிட்ட அது நடக்காது. இவ எப்ப முடிப்பான்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 7

கூட்டத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார் மேலாளர். ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. மூன்று கோரிக்கை: ஊசி நுழையாத கையுறை, வார்டிலேயே ஊசியைப் பொறுக்கி எடுத்துவிட்டு மூட்டை கட்டுவது, குத்தினால் அன்றைக்கே மருந்து. 'கையுறை', 'குத்து' — எல்லாம் எனக்கென்றே பார்த்து வைத்த சொற்கள். வேறு சொல் தேடவில்லை. இரண்டு தடவை எழுந்தார். இரண்டு தடவையும் நான் ஒரு சொல்லின் நடுவில் இருந்தேன். எழுந்தவர் நின்றபடி கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

ஆரம்பத்தில் யார் பேசுவது என்று எழுதிக்கொள்ளப் பெயர் கேட்டார்கள். என் பெயரைச் சொன்னேன்.

செப்டம்பர் 2

வாலு அடுத்த ஆல்பத்துக்கு உலர்த்தியின் சத்தம் இன்னும் கிட்டத்தில் வேண்டும் என்கிறாள். நாளைக்கு எடுக்க வேண்டும்.

புதுக் கையுறை தடிமனாக இருக்கிறது. விரல் மடங்க மாட்டேன் என்கிறது, போர்வையின் ஓரமே பிடிபடவில்லை. மடிப்பு அக்கா காலையிலிருந்து அதைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள். ஆனால் கழற்றவில்லை.